பல வருஷம் நின்றுபோன டிராக்டர் எஞ்சினை மறுபடி ஓட வைப்பது

பல வருஷம் கொட்டகையிலோ மரத்தடியிலோ நின்ற டிராக்டர் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, நல்ல பேட்டரி ஒன்றை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்த்துவிடலாம் என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நான் பார்த்தவரை, சும்மா நின்றதால் வீணான எஞ்சின்களைவிட அவசரமாக அடித்த அந்த முதல் செல்ஃபில் உடைந்த எஞ்சின்கள்தான் அதிகம்.

செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் ஃப்ளைவீல் ரிங்கைச் சுழற்றும்போது அதன் பலம் பத்து மடங்கு அளவுக்குப் பெருகுகிறது. உள்ளே ஒரு பிஸ்டன் ரிங் சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறதா, ஒரு வால்வு திறந்தபடியே இறுகிவிட்டதா, சிலிண்டருக்குள் மழைத் தண்ணீர் நிற்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, அது பாட்டுக்குத் தள்ளும். ரிங் உடையும், வால்வை இயக்குகிற புஷ் ராடு வளையும், தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடே வளைந்துபோகும். கையால் சுழற்றினால் இதில் எது தடுத்தாலும் ஸ்பேனரைப் பிடித்திருக்கிற கைக்கு உடனே தெரியும், அந்த இடத்திலேயே நிறுத்தலாம். ஆகவே கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றாத எஞ்சினுக்குப் பேட்டரியே மாட்டாதீர்கள். ஏன் இரண்டு சுற்று என்றால், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லா வால்வும் எல்லா பிஸ்டனும் ஒரு முறை தன் வேலையை முடிக்க கிராங்க் இரண்டு சுற்று சுற்றியாக வேண்டும்.

நான் இங்கே பேசுவது இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் பற்றி. பெட்ரோல் எஞ்சினுக்கு எங்கே மாறும் என்பதைக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் சுற்றிப் பாருங்கள்

முன்பு வைத்திருந்தவர் கிடைத்தால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை வேறு வண்டி வாங்கியதால் ஓரம் கட்டியது ஒரு கதை, ஆயிலில் தண்ணீர் கலந்ததாலோ தட்டுகிற சத்தம் வந்ததாலோ நிறுத்தியது வேறு கதை. இரண்டாவது என்றால் துருவை விடுவிப்பதோடு வேலை முடியாது, அந்தப் பழைய கோளாறு இன்னும் உள்ளேயே காத்திருக்கும்.

அப்புறம் சைலன்சர் குழாய். மேலே பார்த்து நிற்கிற குழாய்க்கு மூடி இல்லாமல் இருந்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக, சைலன்சரை எஞ்சினோடு சேர்க்கிற மேனிஃபோல்டுக்குள் இறங்கி, எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நின்றதோ அதற்குள் போயிருக்கும். நின்றுபோன எஞ்சினில் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் ஜாமாகியிருப்பதற்கு இதுதான் காரணம். ஏர் கிளீனரையும் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கும், குளவி மண் வைத்திருக்கும், சில நேரம் காற்று உள்ளே போகிற பக்கத்து மேனிஃபோல்டு வரைக்கும் பஞ்சும் உமியும் அடைத்திருக்கும். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் ஸ்டார்ட் ஆனதும் அது வால்வுக்கு அடியில்தான் போய் மாட்டும்.

டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, தண்ணீரோ டீசலோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பின் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள், முழுசாகக் கழற்றாமல், ஒரு சொட்டு கசியும் அளவுக்கு மட்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், இருந்தால் அதுதான் முதலில் வரும். எவ்வளவு வந்தது என்று ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள், தண்ணீர் மழையில் வந்ததா ரேடியேட்டரிலிருந்து வந்ததா என்பதை யோசிக்க உதவும். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றிய வண்டி என்றால் அதன் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

கடுங்குளிர் அடிக்கிற இடத்தில் வெறும் தண்ணீரோடு நின்ற வண்டியாக இருந்தால் பிளாக்கின் பக்கவாட்டை நன்றாகத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. பக்கவாட்டில் இருக்கிற வட்டத் தகட்டு மூடிகள் வெளியே தள்ளியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

வால்வும் நாசிலும்

சுழற்றுவதற்கு முன்பே, எஞ்சின் மேல் வால்வுகளை மூடியிருக்கிற ராக்கர் மூடியைக் கழற்றிவிடுவது நல்லது. பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மூடியைத் திறந்ததும் வால்வு ஸ்பிரிங்குகளின் உயரத்தை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். வால்வை அமுக்குகிற கையான ராக்கர் அழுத்தாமலே ஒரு வால்வு மட்டும் தாழ்ந்து நின்றால், அதன் புஷ் ராடு லூசாக ஆடினால், அந்த வால்வு திறந்த நிலையில் இறுகிவிட்டது. அப்படியே எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டன் மேலே வந்து அதில் இடிக்கும். அதன் தண்டில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிட்டு, சுத்தியலின் மரக் கைப்பிடியால் ஸ்பிரிங் தலையில் லேசாகத் தட்டித் தட்டி விடுவிக்க வேண்டும். மற்ற வால்வுகளையும் கைப்பிடியால் ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்கள். சட்டென்று துள்ளி மேலே வந்தால் நல்ல வால்வு, சோம்பலாக வந்தால் இன்னும் எண்ணெய் வேண்டும். பிஸ்டன் மேல் முனையில் நிற்கிற சிலிண்டரில் இதை ஆழமாக அமுக்க வேண்டாம், இடம் இருக்காது.

அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றுங்கள். முதலில் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாக ஊதிவிட்டு, டீசல் குழாய்களைக் கழற்றி, திறந்த வாய் ஒவ்வொன்றையும் சுத்தமான பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். நாசில் சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடிக்கும். சுற்றி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், அப்புறம் இடமும் வலமும் அசைத்து அசைத்து இழுங்கள், கீழே கம்பி கொடுத்து நெம்பினால் முனை போய்விடும். அடியில் இருக்கிற செப்பு வாஷர் சில நேரம் ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் மேலே இன்னொன்று போட்டால் நாசில் உயரம் மாறிப் புகை கக்கும். வாஷர் எப்போதும் புதுசு போடுங்கள்.

கையால் சுழற்றுதல், ஜாமாகியிருந்தால் விடுவித்தல்

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டில் நல்ல சாக்கெட்டை மாட்டுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலான டிராக்டர் எஞ்சின்கள் கடிகார முள் போகிற திசையில் சுழலும், போல்ட்டும் அந்தப் பக்கம் இறுகும். மெதுவாகச் சுழற்றும்போது இன்னொருவரை வால்வுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாம் இறங்கி ஏறுகிறதா, எந்தப் புஷ் ராடாவது நழுவுகிறதா என்று. நாசில் ஓட்டை வழியாகத் தண்ணீரோ துருக் கரைசலோ பீய்ச்சினால் நல்லதுதான், வெளியே வந்துவிட்டது. முகத்தை மட்டும் அந்த ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள்.

நகரவே இல்லையா? சரி, இங்கேதான் பொறுமை வேண்டும்.

ஒவ்வொரு நாசில் ஓட்டையிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுங்கள். என்ன எண்ணெய் என்பதில் ஆளாளுக்கு ஒரு ரகசியக் கலவை வைத்திருப்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஏ.டி.எஃப் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி என்பது பிரபலமானது. இரண்டும் நிலையாகக் கலந்து நிற்காது, ஊற்றும் முன் ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் மிகச் சுலபமாகத் தீப்பிடிக்கும், பக்கத்தில் பொறியோ பீடியோ இருக்கக் கூடாது. அது வேண்டாம் என்றால் ஏ.டி.எஃப்பும் டீசலும் கலந்தது போதும், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். கலவையைவிட அளவுதான் முக்கியம் என்பேன். நேரடி இன்ஜெக்‌ஷன் டீசலின் பிஸ்டன் தலையில் ஒரு குழி இருக்கும். சில சொட்டு விட்டால் அது அந்தக் குழியிலேயே தேங்கி நிற்குமே தவிர ரிங் பக்கம் போகாது. குழி நிரம்பி பிஸ்டன் விளிம்பு வரை வழிகிற அளவுக்கு ஊற்றியாக வேண்டும். மறுநாள் கம்பியோ பஞ்சு சுற்றிய குச்சியோ விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது, நல்ல அடையாளம். இறங்காமல் அப்படியே நின்றால் அந்த சிலிண்டர்தான் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தினமும் ஒருமுறை ஸ்பேனரைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தம் கொடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பும்போது புல்லி போல்ட் கழன்று வரலாம், அதனால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை முனையைக் கொடுத்து இரு பக்கமும் அசைப்பது வசதி. பல் நொறுங்காத மாதிரி ஆழமாகக் கொடுங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் ஜெயித்த மாதிரிதான், அங்கேயே முன்னும் பின்னும் ஆட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி ஆட்டி, அந்த அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். அசைந்தது என்று சந்தோஷத்தில் ஒரே இழுப்பாக இழுத்தால் துரு மேட்டின் மேல் ரிங் ஏறி உடையும். ஸ்பேனரோடு ஆள் உயரக் குழாயை மாட்டித் தொங்குவதும், கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் கட்டி இழுப்பதும் வேண்டவே வேண்டாம். இரண்டும் செல்ஃபைவிடப் பெரிய பலம், உள்ளே என்ன உடைகிறது என்று தெரியாமலே உடைத்துவிடுவீர்கள்.

சில வாரங்கள் ஊறியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிவிடுவதே மேல். ஹெட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், திரும்ப இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஹெட் போனதும் விஷயம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்: எந்த லைனரில் துரு, எவ்வளவு உயரத்துக்கு. பிஸ்டனை நகர்த்துவதற்கு முன்பே மேலே தெரிகிற துருவை எண்ணெயும் நைஸ் உப்புத்தாளும் கொண்டு தேய்த்து எடுங்கள், துணியால் துடைத்து வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் பிஸ்டன் அகலத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற கட்டை ஒன்றை வைத்து, தலை முழுக்க அடி பரவுகிற மாதிரி அளவாகத் தட்ட வேண்டும். எஞ்சின் வெட் லைனர் வகையாக இருந்தால், அதாவது லைனரின் வெளிப்பக்கத்தில் நேரடியாகத் தண்ணீர் நிற்கிற வகையாக இருந்தால், ஹெட் இல்லாமல் கிராங்கைச் சுழற்றும்போது பிஸ்டனோடு சேர்ந்து லைனரே மேலே கிளம்பும், அடியில் இருக்கிற ரப்பர் சீல் போய்விடும். தடித்த வாஷரும் நட்டும் போட்டு ஒவ்வொரு லைனரையும் பிடித்து வைத்துவிட்டுத்தான் சுழற்ற வேண்டும். எந்த பிஸ்டன் பிடித்திருக்கிறது என்பதில் குழப்பம் இருந்தால் சம்ப்பை இறக்கி, சந்தேகமான சிலிண்டரின் கனெக்டிங் ராடைக் கிராங்கோடு பிடித்திருக்கிற பிக் எண்ட் கேப்பைக் கழற்றிப் பார்க்கலாம். மற்றவை சுழன்றால் தீர்ந்தது.

லைனரில் விரல் நகம் தட்டுகிற ஆழத்துக்குத் துருக் குழி விழுந்திருந்தால், எஞ்சின் சுழன்றாலும் அது நிம்மதியாக ஓடாது. ரிங், லைனர் செட் மாற்றுவதுதான் வழி. மேலாக நிறம் மாறியிருப்பது மட்டும் பிரச்சினையில்லை.

ஆயில், தண்ணீர், கரண்ட்

எஞ்சின் கையால் தாராளமாகச் சுழல்கிறது, நாசில்கள் இன்னும் வெளியே இருக்கின்றன. இந்த நிலையிலேயே ஆயில் வேலையை முடித்துவிடுங்கள். பழையதை வடியுங்கள், முடிந்தால் சம்ப்பை இறக்கி அடியில் படிந்த கறுப்புச் சேற்றையும் ஆயில் பம்ப் வலையையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பல வருஷச் சேறு அந்த வலையை அடைத்தால் பேரிங்குக்கு ஆயிலே போகாது. புது ஃபில்டர் தலைகீழாக நிற்காத வகை என்றால் அதில் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றி, ராக்கர்கள் மேலும் கொஞ்சம் ஊற்றுங்கள். வால்வு இடைவெளியையும் இப்போதே ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்யலாம். பல பழைய மூன்று சிலிண்டர் டீசல்களில் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. அளவில் இருக்கும், ஆனால் உங்கள் எஞ்சினுக்கு மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

பேட்டரி இப்போதுதான் வருகிறது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். பேட்டரி முனைகள், செல்ஃபுக்குப் போகிற தடித்த கேபிள், பாடி எர்த் மூன்றையும் பளபளப்பாகத் தேய்த்து இறுக்குங்கள். எலி கடித்த வயர்களைப் பாருங்கள். ரொம்பப் பழைய சில டிராக்டர்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும், சில வண்டிகள் 6 வோல்ட், வழக்கம் என்று நினைத்து மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

சரி, டீசலை நிறுத்தி வைத்து, நாசில் இல்லாமல், பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் லேசாகச் சுழலும், பேரிங்குகளுக்குச் சுமையே இல்லாமல் ஆயில் போய்ச் சேரும். நிறுத்தி, மோட்டார் ஆற இரண்டு நிமிஷம் விட்டு, மறுபடி. ஆயில் மீட்டர் முள் எழும்புகிற வரை, அல்லது ராக்கரில் ஆயில் கசிந்து வருவதைக் கண்ணால் பார்க்கிற வரை இதைச் செய்யுங்கள். வரவே இல்லையென்றால் மேலே போகாதீர்கள், ஆயில் பம்ப்பையும் வலையையும் பாருங்கள்.

தண்ணீரை ஊற்றுவதற்கும் இதுதான் சரியான நேரம். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஹோஸ்களிலும் தண்ணீரைச் சுழற்றுகிற பம்ப்பான வாட்டர் பாடிக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையிலும் ஒழுகுகிறதா பார்த்துவிட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றுங்கள். நாசில் ஓட்டையில் தண்ணீர் தெறித்தால் ஹெட் கேஸ்கட்டோ லைனரோ வெடிப்போ கோளாறு, ஸ்டார்ட் பண்ணும் முன்பே தெரிந்துகொண்டீர்கள். ஒன்றும் இல்லையென்றால் எல்லாம் ஓடிப் பார்த்த பிறகு தண்ணீரை வடித்துவிட்டு கூலன்ட் கலந்து ஊற்றலாம்.

டீசல் பக்கம்

டேங்க்கில் இருக்கிற பழைய டீசலை ஒரு சொட்டு கூட நம்பாதீர்கள். நாளாக ஆக அது கறுத்துப் பிசின் ஆகும், அடியில் தண்ணீர் சேரும், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பு வழவழப்பாகப் படியும். டேங்க்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் டீசலும் ஒரு சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்கிக் கழுவுவது பழைய முறை, இன்றைக்கும் நல்ல முறை. டேங்க் மூடியில் காற்றுப் போகிற சின்ன ஓட்டை அடைந்திருக்கிறதா பாருங்கள். அது அடைந்திருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிச் சில நிமிஷத்தில் தானே நின்றுபோகும், நீங்கள் பம்ப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். ஃபில்டர்கள் எல்லாம் புதுசு.

அடுத்து, நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்ப். நின்ற டீசல் எஞ்சினில் மிக ஆபத்தான விஷயம் இதற்குள்தான் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். வரிசைப் பம்ப்பில், டீசலைத் தள்ளுகிற பிளஞ்சர் எனும் சின்னத் தண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்புகிற ராக் என்ற கம்பி இருக்கும், அது எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் டீசல் அளவு. எஞ்சின் ஓடும்போது, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் எடைகள் விரிந்து ராக்கைக் குறைவான பக்கம் இழுக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது இழுக்க யாருமில்லை, ஸ்பிரிங் அதை முழு டீசல் பக்கம் தள்ளி வைத்திருக்கும். அதாவது எஞ்சினை நிறுத்துகிற ஸ்டாப் லிவரை இழுத்து வைக்காமல் வருஷக்கணக்காக நின்ற எஞ்சினில் ராக் துருப்பிடித்து இறுகினால், அது இறுகுவது முழு டீசல் நிலையில். அப்படிப்பட்ட எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் கவர்னர் தடுக்க முடியாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வெடித்துச் சிதறுகிற வரை போகலாம்.

அதனால் பம்ப்பின் பக்க மூடியைத் திறந்து, ஸ்டாப் லிவரை இழுத்தால் ராக் முழு தூரம் நகர்கிறதா, விட்டால் ஸ்பிரிங்கால் தானே திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஊறவைத்து மெதுவாக அசைத்து விடுங்கள். பல வரிசைப் பம்ப்புகளுக்குத் தனி ஆயில் உண்டு, அதையும் மாற்றுங்கள். மாஸி ஃபெர்குசன் 35, 135 வண்டிகளில் வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டரைப் போன்றவற்றில் இருப்பது ரோட்டரி பம்ப். அதில் ராக் கிடையாது, மீட்டரிங் வால்வு என்ற சின்ன உருளை அதே வேலையைச் செய்கிறது, பழைய டீசல் பிசினில் அது ஒட்டிக்கொள்ளும். புது டீசலோடு நாசில் கிளீனர் கலந்து நிரப்பி ஓரிரு நாள் விட்டால் பல நேரம் இளகிவிடும். இளகாவிட்டால் வீட்டில் பிரிக்க வேண்டாம். உள்ளே இருக்கிற இடைவெளிகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான், பம்ப் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே சரி. நாசில்களையும் அவரிடமே கொடுத்து அழுத்தமும் ஸ்பிரேயும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களின் நாசில் பொதுவாக 170 முதல் 250 பார் வரை ஏதோ ஓர் அழுத்தத்தில் திறக்கும். அந்த ஸ்பிரே தோலைத் துளைத்து உள்ளே போகும், வலி பெரிதாகத் தெரியாமலே விரலை இழக்க வைக்கும். பட்டுவிட்டால் காயம் சின்னதாக இருக்கிறதே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்க்கிலிருந்து ஆரம்பித்து டீசல் போகிற வரிசையிலேயே: டேங்க் டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்ப்பின் கை லிவரை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் மேல் உள்ள ஸ்குரூ, நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் அதை இறுக்கி, அப்புறம் பம்ப்பில் உள்ள ஸ்குரூ. கை லிவரில் அழுத்தமே வராமல் தொளதொளவென்று இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், கேம் அந்த இடத்தில் தூக்கி நின்றிருக்கும், எஞ்சினை ஒரு சுற்று கையால் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். நாசில் பக்கத்து நட்டுகளைக் கடைசியில் பார்க்கலாம், முதல் ஸ்டார்ட் ஏற்பாடு எல்லாம் முடிந்த பிறகு.

முதல் ஸ்டார்ட்

வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள், புகை தேங்கும் கொட்டகைக்குள் வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரல், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றுகிற பி.டி.ஓ தண்டு விடுபட்ட நிலை. கிளட்சை மிதித்திருக்கிறேனே என்று நம்பாதீர்கள், நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும், பெடல் இறங்கும், பிளேட் விடாது. செல்ஃப் மோட்டாரில் ஸ்குரூடிரைவர் வைத்து ஷார்ட் பண்ணிக் கீழே நின்று ஸ்டார்ட் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கியரில் இருந்தால் பின் சக்கரம் உங்கள் மேல்தான் ஏறும், இப்படி உயிர் போனவர்கள் நிறையப் பேர்.

ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி மேனிஃபோல்டு வாயைத் திறந்தே விடுங்கள். அந்த வாயைவிடப் பெரிய, தட்டையான பலகைத் துண்டு ஒன்றோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகம் எடுத்தால் பலகையை வாயில் அழுத்தினால் போதும், காற்று இல்லாமல் சில விநாடியில் அணையும். கையால் மூடக் கூடாது. துணியும் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். இந்த ஆளும் பலகையும் இல்லாமல் முதல் ஸ்டார்ட் செய்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது நாசில் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்து செல்ஃப் அடியுங்கள். நட்டுகளில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் எல்லாவற்றையும் இறுக்குங்கள். ஆக்சிலேட்டரை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்து மறுபடி செல்ஃப். ஹீட்டர் இருந்தால் அதைப் போட்டுக் காத்திருங்கள். சீக்கிரம் ஸ்டார்ட் ஆவதற்காக, சுலபமாகத் தீப்பிடிக்கிற ஈதர் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஊறிப்போன பழைய ரிங்குகளுக்கு அது சம்மட்டி அடி, ஹீட்டர் உள்ள எஞ்சினில் மேனிஃபோல்டிலேயே வெடிக்கும். வெள்ளைப் புகை வந்துகொண்டே ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம், கம்ப்ரஷனையும் செல்ஃப் வேகத்தையும் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை, ஏர் இன்னும் இருக்கிறது.

பிடித்துக்கொண்டதும் கண் ஆயில் மீட்டரில் இருக்க வேண்டும். பத்து விநாடிக்குள் முள் எழவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். ரேஸ் கொடுக்காமல் 800, 1000 சுற்றில் ஓடவிட்டு, முதலில் ஸ்டாப் லிவர் வேலை செய்கிறதா என்று ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஆரம்பத்தில் வால்வுப் பக்கம் வரும் டேப்பட் சத்தமும் கொஞ்சம் நீலப் புகையும் இயல்பு, உள்ளே ஊற்றிய எண்ணெய் எரிகிறது. அடியிலிருந்து கனமாகத் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பின்னால் கூலன்ட் ஊற்றி ஓட்டும்போது, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையில் இனிப்பு வாசனை இருந்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப் புகை காற்று அடைப்பு அல்லது நாசில்.

பெட்ரோல் எஞ்சின் என்றால்

விடுவிக்கிற வேலை எல்லாம் ஒன்றுதான், நாசில் ஓட்டைக்குப் பதில் ஸ்பார்க் பிளக் ஓட்டை. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி காய்ந்திருக்கும், ஜெட்டுகளைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பொறிக்கான கரண்ட்டைத் திறந்து மூடுகிற கான்டாக்ட் பாயின்ட்டுகளில் படிந்த ஆக்சைடைத் தேய்த்து, மேனுவல்படி, பொதுவாக 0.4 மி.மீ. அளவில், இடைவெளி வையுங்கள். பாதி எஞ்சின்கள் இதிலேயே பொறி காட்டிவிடும். சிலிண்டருக்குள் அசிட்டோன் மிச்சம் இருக்கும்போது பொறி சோதிக்காதீர்கள்.

ஓடிய பிறகு

ரேடியேட்டர் சூடாகிற வரை ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். உள்ளே மிச்சமிருந்த துருவும் ஏ.டி.எஃப்பும் எல்லாம் இதில்தான் வரும். ஃபில்டரும் மாற்றுங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் இன்னொரு முறை மாற்றினால் நல்லது. ஹெட் கழற்றியிருந்தால் மேனுவல்படி டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்கி, வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள்.

நீலப் புகை வருகிறதே என்று உடனே எஞ்சினைப் பிரிக்காதீர்கள். ரிங்குகள் பள்ளத்துக்குள் கரியோடு ஒட்டியிருக்கும், சும்மா ஐடிலில் விட்டால் அது போகாது, லேசான சுமை கொடுத்துச் சில மணி நேரம் வேலை வாங்கினால் பல எஞ்சின்களில் தானே விடுபட்டுப் புகை குறையும். ஆனால் வேலைக்கு எடுக்கும் முன் பிரேக் பிடிக்கிறதா பாருங்கள். பிரேக் சரியாக இருந்தால்தான் ஒட்டியிருக்கிற கிளட்சையும் விடுவிக்க முடியும்: முதலில் கிளட்ச் பெடலை அமுக்கிக் கட்டை கொடுத்துச் சில நாள் விடுங்கள். அப்படியும் விடாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, உயர் கியரில் போட்டு, முன்னால் ஆளே இல்லாத அகலமான வெளியில் ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுசாக மிதித்தபடியே பிரேக்கை அழுத்த அழுத்த பிளேட் பட்டென்று விடும்.